கைக்கடிகாரம் சொல்வதும் முகமூடி செய்வதும்

(காவேரிப்பாக்கத்தில் வாகன ஓட்டுநர்கள், தோல் தொழிலாளர்கள், அவர்கள் குடும்பத்தாருக்காக நடந்த நலவாழ்வுக் கூட்டத்தில் நம் மருத்துவமனைச் சாப்ளின் ஆற்றிய உரை.)



நான் மருத்துவன் அல்ல. வார்டில் வியாதியஸ்தரின் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. இன்று பேசப்போகும் காரியத்தை நம் மருத்துவர் ஒருவரிடம் எழுதிக் காட்டி, அவர் திருத்தியபடியே கொண்டுவந்திருக்கிறேன். ஆகையால் தைரியமாகக் கேளுங்கள்.

சில ஆண்டுகளாக ஒரு மாற்றத்தைக் கவனித்து வருகிறேன். காலையில் படுக்கை அருகே போய், "ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா?" என்று விசாரித்தால், பதில் இப்போது வாயிலிருந்து வருவதில்லை. சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு மணிக்கட்டை நீட்டுகிறார்கள். "பாருங்க ஐயா, ஆக்சிஜன் 93. தூக்கத்துக்கு 61 மார்க்." பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக்கூட இப்படி மார்க் பார்த்திருக்க மாட்டார்கள். மகன் ஓரகடத்திலோ ஓசூரிலோ வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச் அது. அன்பின் அடையாளம். அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கடிகாரத்தை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்று தெரிந்துகொள்ளாவிட்டால், உயிருக்கே மோசம் வரக்கூடிய ஒரு கூட்டத்தார் நம் நடுவில் இருக்கிறார்கள். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்கள் அவர்கள். மருத்துவர்கள் இதை ஸ்லீப் அப்னியா என்கிறார்கள்.

நாம் தூங்கும்போது உடம்பின் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடிப்பாகமும் தொண்டைச் சதையும் அப்படியே தளரும். சிலருக்கு அந்தச் சதை உள்வாங்கி மூச்சுக்குழாயின் வாசலை அடைத்துவிடுகிறது. நெஞ்சு காற்றை இழுக்கிறது, காற்று போக வழியில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. அபாயம் என்று மூளை உணர்ந்து ஆளை உலுக்குகிறது. அவர் முழுதாக விழிப்பதில்லை. ஒரு பெருமூச்சு, ஒரு செருமல், புரண்டு படுக்கிறார், மறுபடியும் குறட்டை. 10 வினாடிக்குக் குறையாமல் மூச்சு நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ அதை ஒரு தடை என்று கணக்கிடுவார்கள். மணிக்கு 5க்கு மேல் வந்தால் வியாதியின் தொடக்கம், 15க்கு மேல் நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. இரவு முழுவதும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவன் உங்களைத் தோளைத் தட்டி எழுப்பினால் மறுநாள் எப்படி இருப்பீர்கள்?

இது அபூர்வமான வியாதி அல்ல. நம் நாட்டில் இதுவரை செய்த ஆய்வுகளையெல்லாம் டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஒன்றுசேர்த்து 2023ல் வெளியிட்ட கணக்கில், வயதுவந்தோரில் நூற்றுக்கு 11 பேருக்கு இது இருக்கலாம் என்று கண்டார்கள். ஆண்களில் 13, பெண்களில் 5. மொத்தம் சுமார் 10 கோடிப் பேர். 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி மும்பையில் காலமானபோது, அவருடைய மருத்துவர் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. அன்றுதான் பலர் இந்தப் பெயரை முதல்முதலாகக் கேள்விப்பட்டார்கள்.

ஏன் இத்தனை காலம் இதை ஒருவரும் வியாதியாக எண்ணவில்லை? குறட்டையை நாம் நல்ல நித்திரையின் அடையாளமாகவே எண்ணி வந்தோம். "கொடுத்துவைத்த மனுஷன், தலை சாய்த்ததும் குறட்டை" என்போம். இது நேற்று வந்த எண்ணமும் அல்ல. யோனா கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து தூங்கியதைப் படித்திருப்பீர்கள். எபிரெய மூலத்தில் அயர்ந்த நித்திரை என்றுதான் இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன்னமே அதைக் கிரேக்கத்தில் பெயர்த்த அறிஞர்கள் அவன் குறட்டைவிட்டான் என்ற சொல்லையும் சேர்த்துவிட்டார்கள். ஆழ்ந்த தூக்கம் என்றால் குறட்டை இருக்கத்தான் வேண்டும் என்று அவர்களும் நினைத்தார்கள் போலும்! செமினரியில் கிரேக்கம் படித்த காலத்தில் எங்களுக்கு அது ஒரு வேடிக்கையாக இருந்தது.

வியாதிக்கு மருந்து மாத்திரை என்று பெரிதாக ஒன்றும் இல்லாதிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து ராயல் பிரின்ஸ் ஆல்பிரட் மருத்துவமனையில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் ஓர் எளிய உபாயம் கண்டார். தொண்டை மூடிக்கொள்கிறது அல்லவா, மூக்கின் வழியே காற்றை மெல்லிய அழுத்தத்தோடு விட்டுக்கொண்டே இருந்தால் அது திறந்தே இருக்குமே என்று யோசித்தார். 1981ல் ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார். அதுதான் இன்று சிபாப் என்று சொல்லப்படும் இயந்திரம். சைக்கிள் டியூபில் காற்று இருக்கும்வரை அது தட்டையாவதில்லை, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் வியாதியைக் குணமாக்குவதில்லை. மாட்டியிருக்கும் நேரம் மட்டும் வழியைத் திறந்து வைக்கிறது. கழற்றினால் அன்றிரவே பழைய கதைதான். இதை மனதில் இருத்திக்கொள்ளுங்கள்.

இனி கடிகாரத்துக்கு வருவோம். ஒளியைக் கொண்டு இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் முறையை 1974ல் ஜப்பானிய பொறியாளர் தகுவோ ஆயோகி வெளியிட்டார். ஆக்சிஜன் ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் சிவப்பு ஒளியை வேறுவேறு அளவில் உறிஞ்சுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் அப்படியே. நாடித் துடிப்போடு சேர்த்து அந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டால் ஆக்சிஜன் அளவு தெரியும். ஒரு காலத்தில் ஆபரேஷன் தியேட்டரில் மட்டும் இருந்த கருவி அது. 2020, 2021 கொரோனா நாட்களில் நம் தெருவில் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட, "94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி" என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். ஆயோகி காலமானது அந்த 2020ஆம் ஆண்டு ஏப்ரலில்தான், உலகமெங்கும் அவர் கருவியை விரலில் மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில்.

விரல் கருவியில் ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் உணரி. ஒளி விரலை ஊடுருவிப் போகிறது. மணிக்கட்டில் அது முடியாது, நடுவே எலும்பு. ஆகையால் கடிகாரம் ஒளியை உள்ளே விட்டு, திரும்பி வருகிற கொஞ்சத்தை வைத்துக் கணக்கிடுகிறது. வார் தளர்ந்தால் தப்பு. கைமேல் படுத்தால் தப்பு. குளிரில் கை சில்லிட்டால் தப்பு. கை அசைந்தாலும் தப்பு. பல கடிகாரங்கள் இரவு முழுவதும் இடைவிடாமல் அளப்பதும் இல்லை. அவ்வப்போது சில வினாடி அளந்துவிட்டு ஓய்ந்திருக்கும். மூச்சுத் தடையோ அரை நிமிடம், முக்கால் நிமிடம். ஆக்சிஜன் சட்டென்று இறங்கிச் சட்டென்று ஏறிவிடும். காவல்காரர் மணிக்கு இரண்டு முறை ரோந்து வருகிறார், திருடன் நடுவில் வந்து போய்விடுகிறான் என்றால் காவல்காரரின் நோட்டில் என்ன இருக்கும்? எல்லாம் சுகம் என்றுதான் இருக்கும்.

தோலைப் பற்றி இந்த ஊர்ப் பக்கத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோலின் கனத்தையும் சாயத்தையும் விரலால் தடவியே சொல்லிவிடுவீர்கள். மனிதத் தோலும் ஒளிக்கு ஒரே மாதிரி அல்ல. அமெரிக்காவில் மிச்சிகன் மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வொன்று மருத்துவ உலகத்தையே உலுக்கியது. விரல் கருவி நல்ல எண்ணைக் காட்டியும் இரத்தத்தில் ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருந்தவர்கள், வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளில் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று கண்டார்கள். மருத்துவமனைக் கருவிக்கே இந்த நிலை. நம்மில் பலருக்கும் கறுத்த மேனிதான். ஆயிரத்தைந்நூறு ரூபாய்க் கடிகாரம் 97 என்று காட்டினால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளலாமா? நல்ல விரல் கருவியே 90 என்று காட்டும்போது உண்மை 86க்கும் 94க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது.

"அப்படியானால் ஐயா, கடிகாரத்தால் பிரயோஜனமே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2024 பிப்ரவரியில் சாம்சங் கடிகாரத்துக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் கடிகாரத்துக்கும் அந்த நிர்வாகம் ஓர் அனுமதி கொடுத்தது. ஸ்லீப் அப்னியாவின் அறிகுறி தென்பட்டால் அணிந்திருப்பவருக்கு அறிவிக்கலாம் என்பதே அது. சாம்சங் கடிகாரம் பத்து நாளுக்குள் இரண்டு இரவு, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆக்சிஜன் இறக்கங்களைப் பார்க்கிறது. ஆப்பிள் கடிகாரம் இந்த வேலைக்கு ஆக்சிஜனைப் பார்ப்பதே இல்லை. மூச்சு தடைப்படும்போது மணிக்கட்டில் உண்டாகும் சிறு அசைவுகளை முப்பது நாள் சேர்த்துப் பார்க்கிறது. எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது.

இங்கேதான் பலர் வாசிக்காமல் தாண்டிவிடும் ஒரு வரி இருக்கிறது. இரண்டு நிறுவனங்களுமே எழுதியிருக்கிறார்கள்: இந்த அறிவிப்பு, வியாதி இருக்கிறது என்று இன்னும் கண்டுபிடிக்கப்படாதவர்களுக்கு மட்டும். ஏற்கெனவே பரிசோதித்து வியாதி உண்டு என்று தெரிந்தவர்களுக்கு அல்ல. அதாவது, தூங்குகிறவன் வீட்டுக் கதவைத் தட்டி, "எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்ல அதற்கு அனுமதி உண்டு. "உனக்குச் சுகமாகிவிட்டது, முகமூடியைக் கழற்று" என்று சொல்ல அனுமதி இல்லை. கடைத்தெருவில் கிடைக்கும் மலிவுக் கடிகாரங்களுக்கோ முதல் அனுமதியும் இல்லை. இது மருத்துவக் கருவி அல்ல என்று அவற்றின் பெட்டியிலேயே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். வாங்கியவர் பெட்டியை எறிந்த பிறகு யார் பார்க்கிறார்கள்?

கதவைத் தட்டும் வேலையைக் கடிகாரம் நன்றாகவே செய்வதுண்டு. காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை செய்யும் ஒரு சகோதரி. ஐம்பத்திரண்டு வயது. நாலு வருடமாகத் தலைவலி, அசதி, இரத்த அழுத்த மாத்திரை இரண்டு மூன்றாகியும் அடங்காத அழுத்தம். வயது, மாதவிடாய் நின்றது, வீட்டுக் கவலை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மகளின் பழைய கடிகாரத்தைக் கட்டியிருந்தவருக்கு ஒருநாள் அறிவிப்பு வந்தது. பரிசோதனையில் மணிக்கு 22 தடைகள். அவருடைய கணவர் என்னிடம், "பெண்பிள்ளை குறட்டை விடுமாங்க ஐயா?" என்று கேட்டார். விடும். புருஷன் குறட்டையை மனைவி கேட்டுக்கொண்டு விழித்திருக்கிறாள். மனைவியின் குறட்டையைக் கேட்க புருஷன் விழித்திருப்பதில்லை. பெண்களிடம் இந்த வியாதி கண்டுபிடிக்கப்படாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இனி மறுபக்கம். அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். இந்தப் பக்கத்து லாரி ஓட்டுநர். ராணிப்பேட்டையிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குத் தோல் சரக்கு ஏற்றிப் போகிறவர். நாலாம் நம்பர் சாலையென்று நாம் சொல்லிப் பழகிய 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருபது வருடப் பழக்கம். மணிக்கு 41 தடைகள் என்று கண்டு, சிபாப் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் முகம் தெளிந்துவிட்டது. "சின்ன வயசுல தூங்கின மாதிரி தூங்கறேங்க" என்றார். பிறகு மகன் ஒரு கடிகாரம் வாங்கித் தந்தான். கோடைக்காலம், வேர்வை, முகமூடி உறுத்துகிறது. ஒரு ராத்திரி மாட்டாமல் படுத்துப் பார்த்தார். காலையில் கடிகாரம் ஆக்சிஜன் 96 என்றது. மறுநாளும் 96. மூன்றாம் நாள் 95. வியாதி போய்விட்டது என்று இயந்திரத்தைத் துணி சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டார்.

மூன்றாவது வாரம், விடியற்காலை நாலரை மணி, ஓச்சேரி தாண்டி. வண்டி மெல்ல இடதுபுறம் ஒதுங்குவதைப் பார்த்த கிளீனர் பையன் கத்தினான். முன்சக்கரம் மண்ணில் இறங்கியபோது அவருக்கு விழிப்பு வந்தது. அந்த இடத்தில் யாரும் நின்றிருக்கவில்லை. இருபதடி தள்ளி ஒரு டீக்கடை. கடையைத் திறந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள்.

மருத்துவர் கோபப்படவில்லை. கடிகாரத்தை வாங்கிப் பார்த்தார். 96 என்பது முழு இரவின் சராசரி. கடிகாரம் அளந்த சில நேரங்களின் சராசரி. பிறகு ஒரு ராத்திரி, இடைவிடாமல் பதிவுசெய்யும் விரல் கருவியைக் கட்டி அனுப்பினார். முகமூடி இல்லாமல் படுத்த அந்த இரவில், பதிவுத் தாளில் ரம்பத்தின் பல்லைப்போல் ஏறி இறங்கும் கோடு. பள்ளங்கள் பல இடத்தில் 80க்குக் கீழே. மேடும் பள்ளமும் சேர்த்துச் சராசரி பார்த்தால் அதுவும் 90க்கு மேல்தான் வந்தது! நம் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவர் காலத்து ஏரி. நிறைந்தால் கடல்போலத் தெரிகிறது. கரையில் நின்று நீர்மட்டத்தை மட்டும் பார்க்கிறவனுக்கு எந்த மதகில் கசிகிறது என்று தெரியுமா?

இரவில் முகமூடி மாட்டித் தூங்குகிறவர்களுக்கு உண்மையான கணக்குப் புத்தகம் சிபாப் இயந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. எத்தனை மணி நேரம் மாட்டினீர்கள், மாட்டியிருந்தபோதும் மணிக்கு எத்தனை தடை வந்தது, முகமூடியின் ஓரத்தில் எவ்வளவு காற்றுக் கசிந்தது என்று மூன்றையும் அது எழுதி வைக்கிறது. கடிகாரம் உங்கள் தொண்டையைப் பார்ப்பதில்லை. இயந்திரமோ ஒவ்வொரு மூச்சின் காற்றோட்டத்தையும் அளக்கிறது. மாட்டியிருக்கும்போது தடை மணிக்கு 5க்குக் கீழே இருப்பது நல்ல அடையாளம். இதைவிட முக்கியம் மணிக்கணக்கு. 2016ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வில், இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 2,717 நோயாளிகளைச் சராசரியாக மூன்றே முக்கால் வருடம் கவனித்தார்கள். இருதய நோயோ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர்கள். சிபாப் கொடுத்தும் புதிய மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை. பகல் தூக்கமும் குறட்டையும் குறைந்தன, மனச்சோர்வும் குறைந்தது. ஆனால் அவர்கள் சராசரியாக மாட்டியது இரவுக்கு 3.3 மணி நேரம்தான். மாத்திரையில் பாதியைத் தின்றுவிட்டு மருந்தைச் சோதித்ததுபோல் ஆயிற்றோ என்று மருத்துவர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். முழு இரவும் மாட்டியிருந்தால் இருதயம் தப்பியிருக்குமா என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது.

அப்படியானால் முகமூடி மாட்டுகிறவர் கடிகாரத்தைக் கழற்றிப் போடவேண்டுமா? வேண்டாம். ஒரே கடிகாரத்தை, ஒரே கையில், எலும்பு முட்டுக்குச் சற்று மேலே, இறுகாமலும் தளராமலும் கட்டுங்கள். ஒரு நாள் எண்ணைப் பார்க்காதீர்கள். மாதக் கணக்கில் போக்கைப் பாருங்கள். மூன்று மாதம் ஒரே சீராக இருந்த இரவு ஆக்சிஜன் இப்போது வாரக்கணக்கில் கீழே இருக்கிறது என்றால் அது ஒரு செய்தி. முகமூடி நைந்து கசிகிறதோ, எடை ஏறி அழுத்தம் போதாமற்போயிற்றோ, நெஞ்சில் சளியோ, இருதயத்தில் வேறு ஏதேனுமோ. அதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். அழுத்தத்தை நீங்களே கூட்டிக் குறைக்க வேண்டாம். பக்கத்து வீட்டு இன்ஜினியர் பையனும் வேண்டாம். கடிகாரம் நன்றாக இருக்கிறது என்கிறது, ஆனால் டீக்கடையில் உட்கார்ந்தபடியே கண் சொருகுகிறது என்றால், உங்கள் கண்ணை நம்புங்கள். ஸ்டியரிங் பிடிக்கிறவர்கள் அன்றைக்கு வண்டி எடுக்காதீர்கள்.

தூக்கத்தின் வகைகளைக் கடிகாரம் படமாகப் போட்டுக் காட்டுகிறதே, ஆழ்ந்த தூக்கம் 40 நிமிடம், கனவுத் தூக்கம் ஒரு மணி என்று, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கத்தின் வகையைச் சரியாக அறிய மூளையின் மின்னலைகளைப் பார்க்கவேண்டும். பரிசோதனைக் கூடத்தில் தலையில் கம்பிகள் ஒட்டுவது அதற்குத்தான். கடிகாரம் கை அசைவையும் நாடியையும் வைத்து ஊகிக்கிறது. கடனை நினைத்து அசையாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவனையும் தூங்குகிறான் என்று எழுதிவிடும்.

இதனால் நோயே வந்தவர்களும் உண்டு. நல்ல தூக்கத்தின் மார்க்கை நினைத்து நினைத்தே தூக்கத்தைக் கெடுத்துக்கொண்ட நோயாளிகளைப் பற்றி அமெரிக்காவில் 2017ல் மருத்துவர்கள் எழுதி, அதற்கு ஆர்த்தோசோம்னியா என்று ஒரு பெயரும் வைத்தார்கள். நம் வார்டிலும் ஓர் அம்மா இருந்தார். கணவர் தூங்கும்போது அவர் கையைத் தூக்கித் தூக்கிக் கடிகாரத்தைப் பார்ப்பார். ஒரு ராத்திரி 84 என்று காட்டியதும் அலறி அவரை எழுப்பிவிட்டார். நர்ஸ் வந்து விரலில் கருவி மாட்டினார்: 95. கை தலையணைக்கு அடியில் நசுங்கியிருந்தது. இப்படிப்பட்டவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். முப்பது வருடமாக அந்த மூச்சு நின்று நின்று வருவதைக் கேட்டுப் பயந்து கிடந்தவர் அவர். முகமூடி வந்த பிறகும் பயம் சீக்கிரம் போவதில்லை. இந்த வியாதிக்காரரின் மனைவிமார் எத்தனையோ பேர் என்னிடம் சொன்னது ஒன்றே: "எழுப்பாவிட்டால் எழுந்திருப்பாரோ மாட்டாரோ என்று இருந்துச்சு ஐயா." கடிகாரம் கிடைத்ததும் அந்தப் பயத்துக்கு ஒரு எண் கிடைத்துவிட்டது. அப்படிப்பட்ட வீட்டில், நாங்கள் சொல்வது, இரவில் கடிகாரத்தின் திரையைப் பார்க்காதீர்கள். மாதம் ஒருமுறை மருத்துவரோடு சேர்ந்து பாருங்கள்.

இயந்திரத்தைப் பற்றி நம் ஊருக்கென்று சில காரியங்கள் சொல்லவேண்டும். காற்று உலர்ந்து மூக்கு எரியாதபடி இயந்திரத்தில் ஒரு சிறு தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதில் போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996ல், நீர் இன்னும் பழையபடி ஆகவில்லை. அந்த உப்பு தொட்டியில் வெள்ளையாகப் படிந்துவிடும். மருந்துக்கடையில் காய்ச்சி வடித்த நீர் கேட்டு வாங்குங்கள். தினமும் மாற்றுங்கள். முகமூடியில் காற்றுச் சீறும் சிறு துளைகள் இருக்கும். சத்தம் வருகிறதென்று ஒரு பெரியவர் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தார்! நாம் விடும் மூச்சு வெளியே போகிற வழி அது. அடைக்கவே கூடாது. மின்சாரம் அடிக்கடி போகும் ஊர்களில் இன்வெர்ட்டரோடு இணைப்பது நல்லது.

பழைய இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறதென்று யாரிடமாவது வாங்கினால், அதன் பெயரையும் எண்ணையும் மருத்துவரிடம் காட்டிய பிறகே உபயோகியுங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உலகமெங்கும் பல இலட்சம் இயந்திரங்களைத் திரும்பப் பெற அறிவித்தது. சத்தம் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு நைந்து, துகளாகி மூச்சோடு போகக்கூடும் என்பதே காரணம். அப்படிப்பட்ட பழைய இயந்திரம் இன்னும் யார் வீட்டுப் பரணில் இருக்கிறதோ, சொல்ல முடியாது. வேறொருவரின் அழுத்த அளவும் உங்களுக்குப் பொருந்தாது.

மதுவும் மருத்துவர் சொல்லாத தூக்க மாத்திரையும் தொண்டைச் சதையை இன்னும் தளர்த்தும். எடை குறைந்தால் நல்லது, ஒருக்களித்துப் படுத்தால் சிலருக்கு நல்லது. இவை உங்களுக்குத் தெரிந்தவையே.

கடைசியாக, மருத்துவரிடம் வரும்போது எதைக் கொண்டுவர வேண்டும் என்று ஓட்டுநர் சங்கத்து அண்ணன் ஒருவர் முன்கூட்டியே கேட்டிருந்தார். இயந்திரத்தை அதன் மின்கம்பியோடு கொண்டுவாருங்கள். உள்ளே சிறு கார்டு இருந்தால் அதைக் கழற்றாமல் வாருங்கள். முகமூடியைக் கட்டாயம் கொண்டுவாருங்கள், பாதிப் பேர் அதைத்தான் வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள். செல்போனைச் சார்ஜ் போட்டு எடுத்து வாருங்கள். கடிகாரத்தின் கணக்கு அதில்தான் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் படுக்கிறவரையும் அழைத்து வாருங்கள். எந்த இரவு நல்ல இரவு, எது கெட்ட இரவு என்று அவரிடம்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.

இன்னும் பரிசோதனையே செய்யாதவர்கள், குறட்டை நடுவில் நின்று திணறி எழுகிறவர்கள், வண்டி ஓட்டும்போது ஒரு தடவையாவது கண் அசந்தவர்கள், இன்றைக்கே பெயர் கொடுக்கலாம். கடிகாரம் வேண்டியதில்லை. வாசலருகே மேசையில் சிஸ்டர் உட்கார்ந்திருக்கிறார், கழுத்துச் சுற்றளவும் இரத்த அழுத்தமும் எடுப்பார்கள். டீ வந்துவிட்டது. வெட்கப்பட்டு மேசைக்குப் போகாதவர்கள் என்னிடம் வந்து சொல்லுங்கள், நான் கூட வருகிறேன்.